கோபத்தில் அவித்த நெல்

"இது காணாது மனே. தண்ணி இன்னும் இளஞ்சூட்டுலதான் நிக்கிது. வேற ஏதும் பெருசா வாசி."

"பெருசுக்கு நான் எங்க போற மாமி? வயலுக்குப் பசளை வருகுது எண்டது வாசிச்சாச்சு. கப்பல் வந்து கடலுக்க நிக்கிது, இறக்கக் காசில்ல எண்டதும் வாசிச்சாச்சு. இதுக்கு மேல பெருசு வேணுமெண்டா கொழும்புக்குத்தான் போய்க் கேக்கணும்."

"அப்ப என்ர மருமகள்ற கதையச் சொல்லட்டா?"

"உங்கட மருமகளுக்கு அத்தான் கொதிக்க மாட்டார். போன கிழமையும் சொல்லிப் பாத்தீங்கதானே. அவருக்கு அரசாங்கம் மட்டுந்தான்."

"ஒருக்கா அந்தப் பட்டினிக் கதையத் திரும்ப வாசிங்களன் அண்ணன். நாட்டில ஒருவரும் பட்டினி கிடக்கல்ல எண்டு அமைச்சர் சொன்னாரே, அது."

அந்த வரி மறுபடியும் வாசிக்கப்பட்டது. மாமர நிழலில் பிளாஸ்டிக் கதிரையில் கண்ணை மூடி இருந்த மனிதரின் நெற்றி நரம்பு ஒருமுறை அசைந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்த, நெல் அவிக்கும் பெரிய கிடாரத்தின் அடியில் முதல் குமிழி கிளம்பி, நெல்லுக்குள்ளால் வழி தேடி மேலே வந்து உடைந்தது. கிடாரத்தின் கீழே நெருப்பு இல்லை. விறகு இல்லை. அடுப்புக் கல்லும் இல்லை. வெறும் மணலில்தான் அது இருந்தது.

உதயரூபன் என்ற, வயல் செய்யும் அந்தக் கமக்காரரின் கோபம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் என்பதும், செய்தி மோசமான நாளில் ஒரு கிடாரம் நெல்லை வாய் பிளக்க அவிக்க அது போதும் என்பதும், தன்னாமுனைக்கு வடக்கே வாவிக்கரையில் இருக்கும் நாணல்முனையில் அந்த ஆண்டு யாருக்கும் புதினமாக இருக்கவில்லை. எரிவாயு சிலிண்டரோடு ஓர் ஆள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அதுதான் புதினம். கைத்தொலைபேசியில் செய்தி வாசித்தவன் அவருடைய மனைவியின் தம்பி சுதாகரன். மருமகளின் கதையோடு வந்தவர் அடுத்த வளவு இரத்தினம்மா. பட்டினிக் கதையைத் திரும்பக் கேட்டவள் ஏறாவூரில் நெல் வாங்கி, அவித்துக் குற்றி, வீடு வீடாக அரிசி விற்கும் ஷாகிரா. கிடாரத்தில் இருந்தது அவளுடைய நெல்.

எல்லாம் நிலத்தில்தான் தொடங்கியது. கிரானைத் தாண்டி மேற்கே இலுப்பைக்கண்டம் என்று ஒரு வட்டை உண்டு. பலருடைய வயல்கள் வரம்போடு வரம்பு சேர்ந்து கிடக்கும் அந்த வெளியில் உதயரூபனுக்கும் தகப்பன் வழி வந்த காணி இருந்தது. மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை, முன்மாரியில், அதை விதைப்பார்கள். பெருந்தொற்றுக்காக எல்லோரும் வீட்டுக்குள் இருத்தப்பட்டிருந்த காலத்தில் ஒரு திணைக்களம் வந்து அந்த வட்டையைச் சுற்றி எல்லைக் கல் நட்டுவிட்டுப் போனது. ஊரடங்கு முடிந்து போய்ப் பார்த்தபோது வயல், காடு ஆகியிருந்தது. காடு என்று சொல்லத்தக்கதாக அங்கே நின்றது ஓர் இலுப்பை மரம் மட்டும்தான். உதயரூபன் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனார். அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் மிகவும் மரியாதையாக அவரை இருக்கச் சொல்லி, தொடர்ந்து விதைக்காமல் விடப்பட்ட நிலம் காடாகவே கொள்ளப்படும் என்றார். அப்படியானால் இந்த முன்மாரிக்கு விதைக்கிறோம் என்று இவர் சொன்னார். கல்லுக்கு அப்பால் விதைப்பது குற்றம் என்று அலுவலர் சொன்னார். இரண்டையும் அவர் ஒரே தொனியில் சொன்னார். அரசாங்கத்தின் தீர்மானம் அது, அரசாங்கம் மக்கள் தெரிவு செய்தது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த அரசாங்கத்துக்கு உதயரூபன் வாக்களித்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒருவரும் வாக்களித்திருக்கவில்லை. அவர் ஒருநாளும் போயிராத ஊர்களில், அவரை ஒருநாளும் கண்டிராத மனிதர்கள் அதைத் தெரிவு செய்திருந்தார்கள். அது தவறு என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுந்து, நன்றி சொல்லி, பஸ்ஸில் திரும்பி வந்தார்.

வீட்டில் அவருடைய மனைவி யோகலதா கடைசி அறுவடையில் மிஞ்சிய நெல்லைக் கிடாரத்தில் ஊறப் போட்டிருந்தாள். உதயரூபன் அதன் பக்கத்தில் மணலில் குந்தியிருந்தார். யோகலதா சிரட்டை பொறுக்கப் பின்வளவுக்குப் போய்த் திரும்பி வரும்போது தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து கிடாரத்தின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள், மணல் குளிர்ந்திருந்தது. கணவனின் தோளைத் தொட்டாள். கையை உடனே எடுத்துக்கொண்டாள். யோகலதா கிடைத்ததை வீணாக்காத பெண். சிரட்டைகளைக் கொட்டிலில் அடுக்கிவிட்டுக் கிடாரத்தை மூடினாள். அந்த நெல்லைக் குற்றிச் சமைத்த சோற்றில் வேப்பம்பூவின் கசப்புப்போல ஏதோ லேசாக இருந்தது என்றும், மீன் குழம்போடு தின்றால் அது தெரியாது என்றும் சொல்வார்கள்.

புகை இல்லாமல் நெல் அவிவதை முதலில் கண்டுபிடித்தவர் இரத்தினம்மா. பிறகு அது நாணல்முனையில் தங்கவில்லை. தட்டுப்பாடு வந்த ஆண்டில் தேத்தண்ணிக் கேத்திலோடும், பிள்ளைக்குப் பால் கரைக்கும் சுடுதண்ணிப் போத்தலோடும், கோழியை மயிர் உரிக்கும் வாளியோடும் ஆட்கள் வந்தார்கள். இந்தத் தொழிலுக்கு என்று சில விதிகள் தானாகவே உண்டாயின. செய்தி உண்மையாக இருக்க வேண்டும். கட்டிச் சொன்ன பொய்க்குத் தண்ணீர் அசையாது. பழைய செய்தி கொதிக்க நேரம் எடுக்கும், ஆனால் சூடு நின்று பிடிக்கும். வாக்குறுதிகள் உடனே கொதித்து உடனே ஆறும், தேத்தண்ணிக்கு மட்டும் நல்லது. தேர்தல் காலத்தில் பானையை மூடக் கூடாது, பொங்கி ஊற்றிவிடும். மின்சாரம் நின்ற நாட்களில் செய்தி இல்லாமல் போய்விடுமே என்று பயந்தவர்களுக்கு, மின்சாரம் நின்றதே செய்தியாக உதவியது.

செய்தி தீர்ந்த நாட்களில் ஆட்கள் தங்கள் சொந்தக் கதைகளைக் கொண்டுவந்தார்கள். அரசாங்கத்தின் கை பட்ட கதையாக இருந்தால் போதும். இலுப்பைக்கண்டத்தின் வட்டை விதானையாரான வினாயகமூர்த்தி, எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் விடுவது என்று வட்டைக்கே கட்டளை சொல்லும் பெரியவர், ஒரு நாள் தன் தமையனைச் சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் இராணுவம் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னார். ஊதாக் கோடு போட்ட சேட் உடுத்திருந்தான், பஸ் யன்னலால் என்னைத் திரும்பிப் பார்த்தான் என்று ஆயிரம் முறை சொல்லியிருந்த கதைதான். அன்று காலையில் கொதிக்கத் தொடங்கிய கிடாரம் மத்தியானம் தாண்டியும் ஆறவில்லை. மூன்று வீட்டு நெல் அதில் அவிந்தது. சில கிழமைகள் கழித்து யாரோ அந்தச் சேட்டைப் பற்றிக் கேட்டபோது வினாயகமூர்த்தி யோசித்தார். "என்ன நிறமோ மனே, ஞாபகத்தில வருகுதில்ல" என்றார். அது அவரைப் பெரிதாக வருத்தவும் இல்லை. முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்திருந்தது. இராத்திரியில் நல்ல நித்திரை வருகிறது என்றார்.

சொன்னவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்கள், போகும்போது சுடுதண்ணியோடும் லேசான மனதோடும் போனார்கள். அதை நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிரான் சந்தியில், எல்லைக் கல்லைப் பிடுங்கச் சொல்லி வட்டைக்காரர்கள் ஒரு தறப்பாளைக் கட்டி அதன் கீழே முறை வைத்து இருந்து வந்தார்கள். முறைக்கு வருகிறவர்கள் மெல்லக் குறைந்தார்கள். கேட்டால், சொல்ல வேண்டியதை உதயரூபனிடம் சொல்லிவிட்டோம் என்றார்கள். கடைசியில் ஒரு மழை நாளில், அவிகிற நெல்லில் மழை விழுகிறது என்று சுதாகரன் மோட்டார் சைக்கிளில் போய் அந்தத் தறப்பாளை அவிழ்த்துக்கொண்டு வந்து மாமரத்தில் கட்டினான். நீதி வேண்டும் என்று எழுதிய பக்கம் உள்ளே இருந்தது. ஆவி பட்டு எழுத்துகள் முதலில் ஊதி, பிறகு உரிந்தன. அதை ஒருவரும் தவறென்று சொல்லவில்லை. தறப்பாள் விலையும் அப்போது ஏறியிருந்தது.

ஷாகிரா மட்டும் தன் கதையைச் சொல்லவில்லை. அவளிடம் ஒன்று இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பெருந்தொற்று ஆண்டில் அவளுடைய உம்மா சிறுநீரக வருத்தத்துக்கு மருந்தெடுக்கக் கொழும்புக்குப் போய் அங்கே ஆஸ்பத்திரியில் மௌத்தானார். தொற்று என்று சொல்லி மையத்தை, உயிர்போன அந்த உடலை, கொடுக்கவில்லை. அந்த நாட்களின் சட்டப்படி எரித்துவிட்டார்கள். அடக்கம் செய்யத் தோண்டிய குழி ஏறாவூரில் திறந்தபடி கிடந்து மழையில் மூடிப்போனது. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கே போய் நின்றவள் ஷாகிரா. உறவினரை மறித்து வைத்த கண்ணாடிக்கு இப்பால் நின்று அவள் என்ன கண்டாள், என்ன கேட்டாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. நெல் அரைகுறையாக நின்ற ஒரு நாளில் சுதாகரன் விளையாட்டாக, "உங்கட சாமானக் கொஞ்சம் எடுத்து விடுங்களன் தங்கச்சி, பத்து மூட அவியும்" என்றான். ஷாகிரா தன் நெல்லை ஈரத்தோடு சாக்கில் அள்ளிக் கட்டினாள். "அது நெல் அவிக்கிறதுக்கு இல்ல" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் கொண்டுபோன நெல் முளைவிட்டுக் கெட்டது. உதயரூபன் அன்று முழுவதும் யாருக்கும் கொதிக்கவில்லை. அது சுதாகரனுக்கு அவர் கொடுத்த தண்டனை என்று ஊரில் எடுத்துக்கொண்டார்கள்.

அரசாங்கங்கள் மாறின. ஒன்று ஓடிப்போனது, ஒன்று இடையில் வந்து இருந்தது, ஒன்று தேர்தலில் வந்தது. புதியது வந்தபோது அதற்கு வாக்களித்தவர்கள் நாணல்முனையிலும் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சக் காலம் நல்ல செய்திகளை மட்டும் கொண்டுவந்து வாசித்தார்கள். கிடாரத்துத் தண்ணீர் குளிக்கப் பதமான சூட்டில் நின்றது. உதயரூபன் மறுபடியும் பஸ் ஏறினார். அதே மேசையில் புதிய அலுவலர் ஒருவர், வயதில் இளையவர், இன்னும் மரியாதையானவர், விதைக்காத நிலம் காடு என்றும், கல்லுக்கு அப்பால் விதைப்பது குற்றம் என்றும் சொன்னார். முந்திய அரசாங்கங்கள் செய்த பிழைகளை ஒரே நாளில் திருத்த முடியாது, பொறுமையாக இருங்கள் என்றும் சொன்னார். அன்று திரும்பி வந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேரே வாவிக்குள் இறங்கிக் கழுத்தளவில் நின்றார். சுற்றிவர ஒரு கூப்பிடு தூரத்துக்கு ஆவி கிளம்பியது. இறால்கள் சிவந்து மிதந்தன. தோணிக்காரர்கள் முதலில் ஏசினார்கள், பிறகு அத்தாங்கு வலை கொண்டுவந்து அள்ளினார்கள். அன்றைக்குப் பல வீடுகளில் அவித்த இறால்தான்.

அள்ளாதவள் யோகலதா. கரையில் அவரைத் துடைக்க ஒரு துவாயோடு நின்றுகொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகளாக அவள் கணவனுக்குப் பக்கத்தில் படுக்கவில்லை, படுக்க ஒண்ணாது. அவருடைய பாய் நடுவில் பழுப்பேறி, ஓலை பொரிந்து உதிரும். மகள் விதுர்ஷா படிக்கப் போன இடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தால் தகப்பனோடு முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கதைத்துவிட்டுப் போவாள். அவர் மெலிந்துகொண்டு வந்தார். ஊருக்கு அவித்த சூடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை, யோகலதாவுக்குத் தெரியும். அவருடைய தலைமயிர் நரைக்கவில்லை, கருகியது.

எல்லையை முடிவாகக் காட்டிக் கடைசிக் கல்லையும் நட, அலுவலர்கள் வைகாசியில் இலுப்பைக்கண்டத்துக்கு வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு முன்மாரி விதைக்காமல் போனால் வட்டை நிரந்தரமாகக் காடுதான். வினாயகமூர்த்தி வட்டைக்காரர்களைக் கூட்டினார். இவ்வளவு காலமும் நெல் அவித்த சூட்டை வட்டைக்கு ஒருமுறை பயன்படுத்துவோம் என்று தீர்மானமானது. உதயரூபனைக் கொண்டுபோய் அலுவலர்களுக்கு முன்னால் நிறுத்துவது, ஒவ்வொருவராக அவருக்குக் காதில் ஒன்று சொல்வது. ஜீப்புகளின் றேடியேற்றர் கொதிக்கட்டும், கொண்டுவந்த கல் வெடிக்கட்டும், அளக்கும் கருவியின் கண்ணாடி உருகட்டும். அதைக் கண்டால் பேச இறங்குவார்கள். பிறகு எல்லோருமாக உள்ளே இறங்கி உழுவோம். உதயரூபன் சம்மதித்தார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, அன்று முதன்முதலாகச் சிரித்தார் என்றும் சொல்வார்கள்.

"நீங்க எரிஞ்சு போவீங்க" என்றாள் யோகலதா.

"எரிஞ்சா என்னகா? கல்லும் சேந்து எரியும்தானே."

"கல்லுக்குப் பொஞ்சாதி புள்ள இல்ல. உங்களுக்கு இரிக்கு."

அவருக்குப் பக்கத்தில் செம்பில் இருந்த குடிதண்ணி சிலிர்த்து ஆவிவிட்டது.

அலுவலர்கள் வருவதற்கு முதல் நாள் அம்மன் கோயிலில் குளிர்த்தி. வாவியின் இரண்டு கரையிலும் தெரிந்த சடங்கு அது. அநியாயம் செய்த அரசனின் நகரத்தை எரித்துவிட்டு, ஆறாத கோபத்தோடு வந்த அம்மனை, வைகாசியில் கதவு திறந்து, பூசை வைத்து, கடைசி விடியலில் குளிர்த்திப் பாட்டுப் பாடி ஆற்றுவார்கள். ஆற்றாவிட்டால் ஊரில் அம்மை வரும், மழை வராது என்பது நம்பிக்கை. அரசன் செய்தது சரியா என்று பாட்டில் ஒருவரும் திரும்பக் கேட்பதில்லை. குளிர்ந்தருள்வாய் தாயே என்றுதான் கேட்பார்கள். யோகலதா பிறந்ததிலிருந்து ஆண்டுதோறும் அந்தக் கூட்டத்தில் நின்றவள். அந்த விடியலில் அவளுக்குத் தோன்றியது ஊரில் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். மற்றவர்கள் சுடுதண்ணி போய்விடும் என்று பயந்ததால் அவர்களுக்குத் தோன்றாமல் இருந்தது. அவள் கணவனைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் நிறுத்தினாள். பூசை செய்யும் கட்டாடியாரிடம் முதலே கதைத்திருந்தாள். அம்மனுக்குத் தெளித்து முடிந்ததும் கட்டாடியார் வேப்பங்குழையைக் குளிர்த்தித் தண்ணீர்ப் பானைக்குள் முக்கி எடுத்து, சனத்துக்குத் தெளிப்பதுபோல ஒருமுறை தெளிக்காமல், பானையையே தூக்கி உதயரூபனின் தலையில் ஊற்றினார். பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. தண்ணீர் அவர் மேலே பட்டபோது சீறும் என்று பின்னால் நின்றவர்கள் விலகினார்கள். அது சீறவில்லை. சாதாரணத் தண்ணீர்போல வழிந்து, வேட்டியை நனைத்து, மணலில் இறங்கியது. அவர் குளிரில் ஒருமுறை நடுங்கினார். யோகலதா அவருடைய கையைப் பிடித்தாள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அது வெறும் கையாக இருந்தது. அவள் அதை வீடுவரைக்கும் விடவில்லை.

மறுநாள் இலுப்பைக்கண்டத்தில் அலுவலர்கள் இறங்கினார்கள். உதயரூபனை இலுப்பை மரத்தடியில் நிறுத்தி, வட்டைக்காரர்கள் முறைப்படி வந்து காதில் சொன்னார்கள். பசளைக் கதை, கப்பல் கதை, பொறுமையாக இருங்கள் என்ற கதை. அவர் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார். "ஓம், பாவம்தான்" என்றார். "அவங்களும் என்ன செய்யிற" என்றார். றேடியேற்றர்கள் கொதிக்கவில்லை. கல் வெடிக்கவில்லை. சுதாகரன் ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினான். "அத்தான், உங்கட காணி, உங்கட அப்பாட காணி, அந்தா பாருங்க!" உதயரூபன் பார்த்தார். நல்ல காணி என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாணல்முனையில் இன்றும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். அவர் இல்லாவிட்டால் நாங்கள் இருக்கிறோம் என்று வினாயகமூர்த்தி முன்னால் போனார். சத்தம் போட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சொல்ல ஒன்றும் வரவில்லை. தமையனைப் பற்றிச் சொல்லலாம் என்று தேடினார். ஒரு சேட் இருந்தது, அதற்கு நிறம் இல்லை. பின்னால் நின்றவர்களும் தங்களுக்குள் தேடிப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தாங்கள் ஏன் வந்தோம் என்பது தெரிந்திருந்தது, ஆனால் அது பக்கத்து ஊர்க்காரனுக்கு நடந்ததுபோலத் தெரிந்தது. எல்லாவற்றையும் அவர்கள் சோறாக்கித் தின்று முடித்திருந்தார்கள். அலுவலர்கள் கல்லை நட்டார்கள். வெயில் கடுமையாக இருந்ததால் யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அலுவலர்கள் நன்றி சொல்லிக் குடித்தார்கள்.

யோகலதாவை ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லவும் கொஞ்சம் சூடு வேண்டும். விதுர்ஷா விடுமுறைக்கு வந்து தகப்பனின் தோளில் சாய்ந்து இருந்து படம் பார்த்தாள். அதை யோகலதா குசினி வாசலில் நின்று பார்த்தாள். அந்தக் கிழமை அவளுடைய வாழ்க்கையின் நல்ல கிழமை. ஆனால் குளிர் அதோடு நிற்கவில்லை. உதயரூபன் தொட்ட தேத்தண்ணி கோப்பைக்குள் ஆறியது. பிறகு அவர் இருக்கும் அறையில் சுவர் வியர்த்தது. ஆடி மாதத்துக் கச்சான் காற்று ஊரையெல்லாம் வாட்டும்போது அவருடைய கதிரையின் கால்களில் வெள்ளையாகப் பனி பூத்தது. இதையும் முதலில் கண்டுபிடித்தவர் இரத்தினம்மா. ஐஸ் விலை ஏறியிருந்ததால் மீன் வியாபாரிகள் பெட்டிகளைக் கொண்டுவந்து தறப்பாளின் கீழே அவரைச் சுற்றி அடுக்கினார்கள். கல்குடாவிலிருந்துகூடப் பாரையும் சூரையும் வந்தன. மீன் மூன்று நாளானாலும் கண் வெளுக்காமல் கிடக்கிறது என்றார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் சோடாப் போத்தல்களை முதல் நாளே கொண்டுவந்து வைத்தார்கள். கிடாரத்தை யோகலதா கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நெல்லை மறுபடியும் விறகில் அவித்தார்கள். உதயரூபன் எல்லோருக்கும் சிரித்தார். யாராவது செய்தி வாசித்தால் கேட்டார். இலுப்பைக்கண்டம் என்று ஒருவரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவருக்கு வேறு யாருடையவோ காணியாகத்தான் இருந்தது. இராத்திரியில் யோகலதா இரண்டு கம்பளி போர்த்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் படுத்தாள். பிறகு அதுவும் ஒண்ணாமல் போய்ப் பாயை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

ஆவணி பிறந்து முதல் மழைக்கு ஆட்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிய நாட்களில், கிரான் பக்கத்து வட்டைகளில் வரம்பு கட்டும் சத்தம் கேட்டது. இலுப்பைக்கண்டத்தில் மட்டும் புல் இடுப்பளவு நின்றது. யோகலதா பஸ்ஸில் அதைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் ஏறாவூரில் இறங்கினாள். மத்தியானத் தொழுகை முடிந்திருந்தது. ஷாகிரா வாசலில் சுளகோடு இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா, எவ்வளவு நாள்! அண்ணன் எப்பிடி? இப்ப நல்ல குளிர்ச்சி எண்டு மீன்காரர் சொல்றாங்க" என்று சிரித்தாள். தேத்தண்ணி வந்தது. யோகலதா அதைக் குடிக்காமல், சூடு கையில் ஏறும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்கா அவர ஆத்தின. எனக்கு மனிசன் வேணும் எண்டு ஆத்தின. மறுகாப் பாத்தா மனிசனும் இல்ல, காணியும் இல்ல. ஊரில எல்லாரிட்டயும் போய்க் கேட்டன், ஏதும் மிச்சம் வெச்சிரிக்கீங்களா எண்டு. ஒருத்தரிட்டயும் இல்ல. எல்லாத்தயும் எங்கட முத்தத்தில கொட்டிட்டாங்க." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். சுளகின் சத்தம் நின்றிருந்தது. "நீங்க சொல்லாத அந்தக் கதைதான் உங்கட உம்மாட மிச்சமா உங்களிட்ட இரிக்கு எண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. சொன்னா உங்களிட்ட அதுகும் இல்லாமப் போயிரும், அதுவும் தெரியும். இது நெல்லுக்கு இல்ல, அல்லாவறிய நெல்லுக்கு இல்ல. மழைக்கு முந்தி அவர் ஒருக்கா அந்த வட்டைக்குள்ள இறங்கணும். அவர் இறங்கினா ஊரும் இறங்கும். என்னோட இப்ப பஸ்ஸில வந்து, அவர்ர காதில, அந்தக் கண்ணாடிக்கு அங்கால நீங்க கண்டத மட்டும் ஒருக்காச் சொல்லுவீங்களா?"